சாஃப்ட்வேர் அப்புறம், முதலில் ஷீட்

பள்ளி நூலகத்தைக் கணினியில் ஏற்றலாம் என்று பேச்சு எழுந்ததும் வரும் முதல் கேள்வி, "எந்த சாஃப்ட்வேர்?" இலவச நூலக மென்பொருளான கோஹா போதுமா, காசு கொடுத்து வாங்கலாமா என்று வாரக்கணக்கில் விவாதம் ஓடும். இரண்டாயிரம், மூவாயிரம் புத்தகம் உள்ள நூலகத்தை ஓர் எக்செல் ஷீட்டே கொஞ்ச காலம் தாங்கும். ஷீட்டில் இருக்கும் தப்புகளோ எந்த மென்பொருளுக்குப் போனாலும் கூடவே வரும். அதனால் ஷீட்டைப் பற்றித்தான் இங்கே அதிகம்.

ஒரு பிரதிக்கு ஒரு வரி. ஒரே அகராதி மூன்று பிரதி இருந்தால் மூன்று வரி, மூன்று அக்சஷன் நம்பர் (நூலகம் ஒவ்வொரு பிரதிக்கும் தரும் தனி எண்). நூலில் அச்சாகி வரும் சர்வதேசப் புத்தக எண்ணான ஐ.எஸ்.பி.என். இருக்கிறதே, அதையே அடையாள எண்ணாக வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். வைக்கக் கூடாது. மூன்று பிரதிக்கும் ஐ.எஸ்.பி.என். ஒன்றேதான், எந்தப் பிரதி எந்த மாணவரிடம் போயிருக்கிறது என்பது தெரியாமல் போய்விடும்.

தட்டச்சு தொடங்கும் முன்பே அக்சஷன் நம்பர், ஐ.எஸ்.பி.என்., டியூயி எண் (நூலைப் பொருள்வாரியாக வகைப்படுத்தும் எண்) ஆகிய மூன்று நெடுவரிசைகளையும் 'டெக்ஸ்ட்' என்று மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால் 005.1 என்ற கணினி நிரலாக்க எண் 5.1 ஆகிவிடும். 2007-க்கு முந்தைய பத்து இலக்க ஐ.எஸ்.பி.என். பூஜ்யத்தில் தொடங்கினால் ஒன்பது இலக்கமாகச் சுருங்கும். பதின்மூன்று இலக்க எண்ணோ 9.78 என்று தொடங்கி +12 என்று முடியும் அறிவியல் குறியீடாகத் தெரியும். கண்ணுக்குத்தான் அப்படி, உள்ளே எண் பத்திரமாக இருக்கும். அதே நிலையில் சி.எஸ்.வி.யாக, அதாவது காற்புள்ளியால் பிரித்த வெறும் எழுத்துக் கோப்பாக, சேமித்தால் மட்டும் போச்சு: திரையில் தெரிவதுதான் கோப்பில் எழுதப்படும், மீதி இலக்கங்கள் திரும்ப வராது. சேமிக்கும்போது 'சி.எஸ்.வி. யு.டி.எஃப்-8' என்ற வகையைத் தேர்ந்தெடுங்கள்; சாதாரண சி.எஸ்.வி. தமிழ்த் தலைப்புகளை எல்லாம் கேள்விக்குறிகளாக்கிவிடும். திறக்கும்போதும் இரட்டைக் கிளிக் வேண்டாம். இம்போர்ட் வழியாக வந்து, அந்த மூன்றையும் மறுபடி டெக்ஸ்ட் என்று சொல்ல வேண்டும்.

ஐ.எஸ்.பி.என்.னைக் கையால் அடித்தால் தப்பு நுழைந்ததா என்று அதன் கடைசி இலக்கமே சொல்லும். 9780306406157-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முதல் பன்னிரண்டில் ஒற்றைப்படை இடத்து இலக்கங்களின் கூட்டுத்தொகை 27. இரட்டைப்படை இடங்களின் கூட்டுத்தொகை 22, அதை மூன்றால் பெருக்க 66. மொத்தம் 93. அடுத்த பத்தின் மடங்கான 100-க்கு இன்னும் 7 வேண்டும். கடைசி இலக்கமும் 7. இதை ஒரு சூத்திரமாகப் பக்கத்து நெடுவரிசையில் போட்டுவைத்தால் தப்பான வரிகள் தானே தனியாகத் தெரியும்.

அடுத்தது தமிழுக்கே உரிய தொல்லை. தலைப்பு ஷீட்டில் கண்ணெதிரே இருக்கும், தேடினால் 'இல்லை' என்று வரும். காரணம், 'கொ' என்ற எழுத்தை யுனிகோடில் இரண்டு விதமாக எழுத முடியும்: க-வும் முழு ஒகரக் குறியும் சேர்ந்து இரண்டு குறிகள், அல்லது க, எகரக் கொம்பு, கால் என்று மூன்று குறிகள். பார்வைக்கு வித்தியாசமே தெரியாது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளில் இது நிறைய உண்டு. சந்தேகமான எழுத்தின் பின்னால் கர்சரை வைத்து பேக்ஸ்பேஸை ஒருமுறை தட்டுங்கள். 'க' மட்டும் மிஞ்சினால் சரி. 'கெ' மிஞ்சினால் கொம்பும் காலும் தனித்தனியாக இருக்கின்றன. கொம்பு-கால் ஜோடியை ஒகரக் குறியாகவும், இரட்டைக் கொம்பு-கால் ஜோடியை ஓகாரக் குறியாகவும் மொத்தமாக மாற்றிவிடலாம், ஆபத்தில்லை.

ஔகாரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள். 'மௌனம்' என்பதைப் பலர் மெ, ள என்று அடித்திருப்பார்கள். அதைத் திருத்துகிறேன் என்று மொத்த மாற்றம் செய்தால் வெள்ளி, தெளிவு, வெளிச்சம் எல்லாம் சிதைந்துபோகும். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். ஆசிரியர் பெயரில் இனிஷியல் முன்னாலா பின்னாலா, புள்ளிக்குப் பின் இடைவெளி உண்டா என்பதை முதல் நாளே முடிவு செய்து ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். இல்லையேல் ஒரே ஆசிரியர் நாலு பேராகிவிடுவார்.

ஷீட் சுத்தமானால் கோஹாவுக்குப் போவது பெரிய காரியமில்லை. மார்க்எடிட் என்ற இலவசக் கருவி ஷீட்டை நூலக மென்பொருள்கள் படிக்கும் மார்க் 21 வடிவத்துக்கு மாற்றித் தரும். அதில் ஒவ்வொரு தகவலுக்கும் ஒரு புல எண் உண்டு: தலைப்பு 245-க்கு, ஆசிரியர் 100-க்கு, ஐ.எஸ்.பி.என். 020-க்கு, டியூயி எண் 082-க்கு. அக்சஷன் நம்பர் பிரதிக்கான 952-க்குள் போகும். கோஹாவுக்குக் காசில்லை, ஆனால் லினக்ஸ் சர்வரைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். ஆள் இல்லையென்றால் ஷீட்டோடு நிற்பதே புத்திசாலித்தனம்.

இணைய வளங்களுக்குத் தனிப் பட்டியல் தேவையில்லை. அதே ஷீட்டில் 'இணைப்பு', 'உரிமம்' என்று இரண்டு நெடுவரிசை கூட்டினால் போதும். மதுரைத் திட்டத்தின் பழந்தமிழ் நூல்களும் விக்கிமூலமும் ஸ்டோரிவீவரின் சிறுவர் கதைகளும் அலமாரிப் புத்தகங்களோடு ஒன்றாகவே தேடலில் வரும். உரிமத்தை எழுதிவைப்பது ஆசிரியருக்காக: பெயர் குறிப்பிட்டால் போதும் என்ற கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமம் இருந்தால் கதையைச் சுருக்கிப் பயிற்சித்தாள் ஆக்கலாம், மொழிபெயர்க்கலாம், 'வழிப்படைப்பு கூடாது' என்றிருந்தால் திருத்திய வடிவத்தைப் பகிர முடியாது. க்யூ.ஆர். கோடு அச்சிட்டு அலமாரியில் ஒட்டும் முன், பள்ளிக் கணக்கில் நுழையாத ஒரு போனில் திறந்து பாருங்கள். கூகுள் டிரைவ் கோப்பாக இருந்தால் நமக்குத் திறக்கும், மாணவருக்கோ 'அனுமதி கேளுங்கள்' என்ற பக்கம்தான் வரும்.

பார்கோடு ஸ்கேனர் என்பது கணினிக்கு ஒரு விசைப்பலகை, அவ்வளவுதான். எண்ணை அடித்து என்டரும் தட்டிவிடும். அக்சஷன் நம்பரின் பார்கோடு அச்சிட்ட ஸ்டிக்கரைப் பின்னட்டையில் பதிப்பாளரின் பார்கோடுக்குப் பக்கத்தில் ஒட்டாதீர்கள், மேல் ஓரத்துக்குத் தள்ளுங்கள். இருப்புச் சரிபார்ப்பு நாளில் ஒரு காலி ஷீட்டைத் திறந்துவைத்து அலமாரி அலமாரியாக ஸ்கேன் செய்து, பிறகு முதல் பட்டியலோடு ஒப்பிடுங்கள். பட்டியலில் இருந்து ஸ்கேனில் வராதவை, வெளியே போன புத்தகங்களைக் கழித்தபின், காணாமல் போனவை. ஸ்கேனில் வந்து பட்டியலில் இல்லாதவை 978 என்று தொடங்கினால் பதற வேண்டாம், ஸ்கேனர் பக்கத்துப் பார்கோடைப் படித்திருக்கிறது. அந்தப் புத்தகத்தை எடுத்து மறுபடி ஸ்கேன் செய்தால் சரி.