சாயங்காலம் போடலாம்

பக்கத்து வீட்டு ஜெர்சி கலப்புப் பசு விடிகாலையிலிருந்து ஒரே கத்தல். தீவனத்தில் வாய் வைக்கவில்லை.

அத்தை வாலைத் தூக்கிப் பார்த்தார். கண்ணாடி போலத் தெளிந்த கோழை, அறுந்து விழாமல் கயிறாகத் தொங்கியது. உடனே சினை ஊசி, அதாவது காளையின் விந்தைச் செலுத்தும் ஊசி, போடுகிறவருக்குப் போன்.

"சாயங்காலம் வரேங்க்கா" என்றார் அவர், அவசரமே இல்லாமல்.

அவர் சொன்னது சரிதான். பருவம், அதாவது மாடு காளையைத் தேடும் நேரம், வந்த அறிகுறி காலையில் தெரிந்தால் மாலையில் ஊசி, மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. பருவம் அடங்கி சுமார் 10, 12 மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளிவரும். ரொம்ப முந்திப் போட்டால் விந்தணு காத்திருந்தே செத்துப்போகும்.

தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு ஏறக்குறைய 21 நாள்.

சினைக்காலம் சுமார் 280 நாள். வருஷம் ஒரு கன்று வேண்டுமென்றால் ஈன்ற 85 நாளுக்குள் சினை பிடித்தாக வேண்டும். கருப்பை தேறுவதற்கே இரண்டு மாசம் விட்டால், மிச்சம் ஒன்றோ இரண்டோ வாய்ப்புதான்!

இதில் ஊமைப் பருவம் வேறு. எருமைகள் இதில் பலே கெட்டி, சத்தமே வராது. ராத்திரியும் விடிகாலையும் எழுந்துபோய்ப் பார்க்கிறவர்களுக்குத்தான் அகப்படும். பத்து மணிக்குக் கொட்டகைக்கு வந்துவிட்டு, "சினையே நிக்கல" என்று ஊசியைத் திட்டுகிறவர்களை என்ன சொல்ல?