மூக்குக்கு ஒன்று, இடுப்புக்கு ஒன்று

ராத்திரி ஒன்றரை மணி. தலையணையில் காதை வைத்தால் என் நெஞ்சு அடிப்பது எனக்கே கேட்கிறது. எழுந்து உட்கார்ந்து, மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்த்தேன். நிமிஷத்துக்கு 116. ஓடவில்லை, படியேறவில்லை, சும்மா படுத்திருந்தேன்.

அன்று புதிதாக எதையும் விழுங்கவில்லை என்றுதான் நினைத்தேன். தூசி பட்டால் வரிசையாக இருபது தும்மல் போடுகிற ஆள் நான். அலர்ஜி மாத்திரை இல்லாமல் வெளியே கிளம்ப மாட்டேன். எடை குறைக்கும் கேப்சூலும் மூன்று வாரமாகப் பழக்கம். ஆனால் அந்த வாரம் மூக்கு அடைத்துக்கொண்டதால், வழக்கமான மாத்திரைக்குப் பதில், அதே பெயரின் கடைசியில் ‘டி’ என்ற எழுத்து ஒட்டிய மாத்திரையை வாங்கியிருந்தேன். அந்த ஓர் எழுத்தை நான் கண்டுகொள்ளவே இல்லை.

மறுநாள் டாக்டர் பார்த்தபோது ரத்த அழுத்தம் 150/94. “வேற ஏதாவது மருந்து சாப்பிடுறீங்களா?” என்றார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. டப்பாவில் இலைப் படம் போட்டு ‘இயற்கை’ என்று எழுதியிருந்தால் அது மருந்துக் கணக்கில் எப்படி வரும்? கிளம்பும் நேரத்தில் பேச்சுவாக்கில்தான் கேப்சூலைச் சொன்னேன். “முதல்ல அந்த டப்பாவைக் கொண்டு வாங்க” என்றார்.

இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவர் காட்டியபோதுதான் விஷயம் புரிந்தது. ‘டி’ மாத்திரையில் அலர்ஜி மருந்தோடு சூடோஎபிட்ரின் 120 மில்லிகிராம், 12 மணி நேரம் மெதுவாகக் கரையும் வகை. மூக்கின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பைத் திறப்பது அதன் வேலை. ஆனால் அது மூக்கோடு நிற்பதில்லை, இதயத்தையும் முடுக்கும். என் கேப்சூலில் காஃபீன் 200 மில்லிகிராம், அது போக குவாரனா என்ற தாவர விதையின் சாறு, கசப்பு ஆரஞ்சுச் சாறு. குவாரனாவிலும் இருப்பது காஃபீன்தான். கசப்பு ஆரஞ்சில் உள்ள சினெஃப்ரின், வேலையிலும் சாயலிலும் இதயத்தை முடுக்கும் எபிட்ரின் என்ற பொருளுக்கு உறவு. நாளுக்கு இரண்டு கேப்சூல் என்றாலே, ஆரோக்கியமான பெரியவருக்கு அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் சொல்லும் 400 மில்லிகிராம் காஃபீன் கணக்கு தீர்ந்துவிடுகிறது. அதன்மேல் நான் குடிக்கும் காபி வேறு. உடம்பில் காஃபீன் பாதியாகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். நான் இரண்டாவது கேப்சூலைப் போட்டது சாயங்காலம் ஆறு மணிக்கு. அப்புறம் எங்கே தூக்கம்?

வீட்டுக்கு வந்து தேடிப் படித்ததில் எனக்குப் பெரிய வேடிக்கையாகப் பட்டது ஒன்று. ஃபினைல்புரோப்பனோலமைன் என்ற ஒரே பொருள் அமெரிக்காவில் மூக்கடைப்பு மாத்திரையாகவும் பசி அடக்கும் மாத்திரையாகவும் விற்கப்பட்டிருக்கிறது. மூளையில் ரத்தக்கசிவு வரும் ஆபத்து தெரிந்ததும் 2000-இல் விற்பனையை நிறுத்தச் சொன்னார்கள். எடை குறைப்பு சப்ளிமென்ட்களில் இருந்த, எபிட்ரின் கொண்ட எபிட்ரா மூலிகைக்கு அங்கே 2004-இல் தடை வந்தது. சூடோஎபிட்ரினும் அந்தச் செடியில் இருப்பதுதான். இரண்டு கடையில் இரண்டு காரணத்துக்கு வாங்கினாலும், நான் விழுங்கியது ஏறக்குறைய ஒரே குடும்பம்.

நான் வழக்கமாகப் போடும் வெறும் செட்டிரிசினில் இந்த முடுக்கம் கிடையாது. மறுபடி அதற்கே திரும்பச் சொன்னார் டாக்டர். கேப்சூலை மட்டும் வேண்டவே வேண்டாம் என்றார். லேபிளில் இருப்பதைத்தான் நாம் ஒப்பிட்டுப் பார்க்க முடியும். 2010-இல் சந்தையிலிருந்து விலக்கப்பட்ட சிபுட்ரமைன் என்ற பசி அடக்கும் மருந்தை, ‘இயற்கை’ கேப்சூல்களில் லேபிளில் காட்டாமலே கலந்திருப்பது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

சரி, மூன்று வாரத்தில் எவ்வளவு குறைந்தது என்று கேட்பீர்கள். எழுநூறு கிராம்.

இரண்டையும் நிறுத்திய நான்காம் நாள் நாடித்துடிப்பு 78. மூக்கடைப்புக்கு இப்போது உப்புநீர் ஸ்ப்ரே அடிக்கிறேன், சுமாராகத்தான் கேட்கிறது. டாக்டர் என் சீட்டில் ‘சாப்பிடும் மருந்துகள்’ என்ற இடத்தில் அந்தக் கேப்சூலின் பெயரையும் எழுதி, அதன்மேல் ஒரு கோடு இழுத்திருக்கிறார்.