நூற்பாலையும் ஜாவாப் பாட்டும்

ஜாவாவில் ஸ்பின்னிங் மில் வேலைக்குப் புதிதாக வரும் நம்மூர்ப் பையன்கள் என்னிடம் முதலில் விசாரிப்பது சாப்பாட்டைப் பற்றித்தான். அது பழகிவிடும் தம்பி, முதலில் இவர்கள் கேட்கிற பாட்டைக் கேளு என்பேன். மெஷின் எல்லா ஊரிலும் ஒன்றுதான், கோயம்புத்தூரில் நூல் நூற்கும் ரிங் ஃபிரேம் பார்த்தவருக்கு இங்கே புதிதாகப் படிக்க அதிகம் இல்லை. ஆட்களோடு பழகத்தான் நாள் பிடிக்கும், அதற்கு இங்கே சாதாரண ஜனங்கள் ஆடிப் பாடும் டங்டுட் பாட்டு மாதிரி எனக்குக் கைகொடுத்தது வேறெதுவும் இல்லை.

எங்கள் மில் மத்திய ஜாவாவில், சோலோ நகரத்தை ஒட்டி இருக்கிறது. ரிங் ஃபிரேம் ஹாலுக்குள் பாட்டுப் போட்டாலும் கேட்காது, அந்த இரைச்சலில் எல்லாரும் காதை அடைத்துக்கொண்டுதான் வேலை பார்ப்பார்கள். ஆனாலும் உள்ளே பாட்டு நடக்கும். இராத்திரி ஷிப்டில் மூன்று மணிக்கு மேல், தூக்கம் கண்ணைச் சுழற்றும் நேரத்தில், சந்தின் இந்த முனையில் அறுந்த இழையை ஒட்டிக்கொண்டிருக்கும் பெண் சும்மா வாயசைப்பார், எதிரே நடந்து வருகிறவர் உதட்டைப் பார்த்தே என்ன பாட்டு என்று பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்கு வாயசைப்பார், அதற்குள் மூன்றாவது ஆள் சேர்ந்திருப்பார், ஒருத்தர் கையும் நிற்காது. அப்புறம் கான்டீனில் கேட்டால் பெரும்பாலும் அது ஜாவா மொழிப் பாட்டாகத்தான் இருக்கும், ஜகார்த்தாவிலிருந்து வரும் இந்தோனேசிய மொழி பாப் பாட்டாக இருப்பது குறைவு.

இந்த மாதிரிப் பாட்டைத் தயக்கமில்லாமல் பாடுவது இங்கே எப்போதும் நடந்ததில்லை. டங்டுட் என்றாலே தொழிலாளி பாட்டு, பஸ் டிரைவர் பாட்டு என்று படித்தவர்கள் ஒதுக்கி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. 1970-களில் ரோமா இராமா என்ற பாடகர் மலாய் இசைக் குழுக்களின் பாட்டையும் இந்தி சினிமா மெட்டையும் எடுத்து, தபலா தாளத்தோடு ராக் கிட்டாரைச் சேர்த்து நாடு முழுக்கக் கொண்டுபோனார். 1977 தேர்தலில் ஆளும் தரப்புக்கு எதிரான இஸ்லாமியக் கட்சிக்காகப் பிரசாரம் செய்ததால் அரசுத் தொலைக்காட்சி பத்து வருஷத்துக்கு மேல் அவரை உள்ளே விடவில்லை, அதனால் அவர் கூட்டம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. பிறகு கிழக்கு ஜாவாவில் கோப்லோ வந்தது. மத்தளத்தை முடுக்கி அடிக்கும் வேகமான டங்டுட் அது. கிராமத்து மேடைக் கச்சேரிகளை அப்படியே பிடித்து விசிடி போட்டு இரவுச் சந்தைகளில் விற்றார்கள், அப்படித்தான் பரவியது. 2003-இல் பாடகி இனுல் டாரடிஸ்டாவின் இடுப்பைச் சுழற்றும் ஆட்டத்தை ரோமா இராமாவே கடுமையாகக் கண்டித்தார், மதத் தலைவர்களும் கூடவே எதிர்த்தார்கள். எங்கள் ஃபிட்டர் ஒருவர் அந்தச் சண்டையை இன்றைக்கும் ஆவேசமாகப் பேசுவார், அவர் முழுக்க இனுல் பக்கம். நானும் அவர் பக்கம்தான்.

பாடகர் டிடி கெம்போட் கதை சோலோக்காரர்களுக்கு வீட்டுக் கதை மாதிரி. தெருவில் பாடிப் பிழைத்தவர், அப்பா மேடை நகைச்சுவை நடிகர். ஜாவா மொழியிலேயே பாடினார், அதிலும் காதலில் தோற்றவர்களின் துக்கத்தைத்தான் அதிகம் பாடினார், அதைக் கேட்டுக்கொண்டே ஜனங்கள் ஆடினார்கள். ஜாவாக்காரர்கள் குடியேறிய தென் அமெரிக்க நாடான சுரிநாமில் அவருக்கு அந்தக் காலத்திலேயே பெரிய பெயர். சோலோ பலாபான் ரயில் நிலையத்தில் விட்டுப் போன காதலியைப் பற்றிய அவருடைய பாட்டு 90-களின் கடைசியிலேயே வந்துவிட்டது. ஆனால் இருபது வயசுப் பிள்ளைகள் 2019-இல்தான் அவரைத் திடீரென்று கண்டெடுத்தார்கள், மனம் நொறுங்கியவர்களின் தலைவன் என்று கொண்டாடினார்கள், கச்சேரிகளில் வாய்விட்டு அழுதார்கள். ஜாவா மொழி ஒழுங்காகத் தெரியாத நகரத்துப் பிள்ளைகள் வரி வரியாக மனப்பாடம் செய்தார்கள்.

2020 மே 5-ஆம் தேதி, கொரோனாவும் நோன்பும் சேர்ந்திருந்த நாட்கள், காலை ஷிப்டு தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அவர் இறந்த செய்தி வந்தது. 53 வயது. முந்தின மாதம்தான் வீட்டிலிருந்தபடியே பாடி கொரோனா நிவாரணத்துக்கு 7 பில்லியன் ரூபியாவுக்கு மேல் திரட்டிக் கொடுத்திருந்தார். நூலைக் கோனில் சுற்றும் கோன் வைண்டிங் பிரிவில் சிவப்பு விளக்குகள் வரிசையாக எரிந்துகொண்டிருந்தன, நூல் அறுந்து நின்ற டிரம்களைக் கவனிக்க ஆளில்லை. ஒரு அக்கா மெஷினைப் பிடித்துக்கொண்டு நின்று அழுதார், பக்கத்தில் இருந்தவர் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். சூப்பர்வைசர் என் முகத்தைப் பார்த்தார், கொஞ்ச நேரம் விடுங்கள் என்று தலையசைத்தேன். அன்றைய உற்பத்தி குறைந்ததற்கு மேலே விளக்கம் எழுத வேண்டியிருந்தது, உள்ளதை உள்ளபடியே எழுதினேன்.

2022 சுதந்திர தினத்தன்று கிழக்கு ஜாவாவின் பன்யுவாங்கியிலிருந்து வந்த ஃபாரல் பிரயோகா என்ற 12 வயசுப் பையன் ஜகார்த்தா அதிபர் மாளிகையில் ஜாவா மொழியில் கோப்லோ பாட்டுப் பாட, கோட்டு சூட்டும் பாரம்பரிய உடையும் போட்ட அமைச்சர்கள் எழுந்து ஆடினார்கள். எங்கள் கான்டீன் டிவி முன்னால் அன்று இருந்த சந்தோஷத்தை நான் வேறு எதற்கும் பார்த்ததில்லை. ஏதோ தங்கள் வீட்டுப் பையனை யாரோ பெரிய இடத்தில் உட்கார வைத்துச் சாப்பாடு போட்டது போல அவ்வளவு பெருமை.

சினிமாவும் இப்போது நன்றாக ஓடுகிறது. பேய்ப் படம் என்றால் உயிர், ட்விட்டரில் தொடராக வந்த பேய்க் கதை ஒன்று 2022-இல் படமாகி ஒரு கோடிப் பேரைத் தியேட்டருக்கு இழுத்தது. ஜாவாவின் ஐந்து நாள் வாரத்தில் வரும் கிளிவோன் என்ற நாள் வெள்ளிக்கிழமையோடு சேர்ந்து வந்தால், அதற்கு முந்தின வியாழன் இரவைப் பேய் இரவு என்பார்கள், அந்த இராத்திரி ஷிப்டில் பாபின் அறைக்குத் தனியாகப் போக ஆள் கிடைக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் நான் அதிகம் மெனக்கெட்டது ஆகஸ்ட் 17 சுதந்திர தின விழாவுக்குத்தான். பகலில் சாக்குப் போட்டி, அப்பளம் கடிக்கும் போட்டி, வழுக்கு மரம். சாயங்காலம் மேடை. ஒரு வருஷம் நிர்வாகத்தில் சிலர் ஜகார்த்தா பாப் குழுவைக் கூப்பிடலாம், கௌரவமாக இருக்கும் என்றார்கள். அந்தப் பணத்துக்கு ஒரு கீபோர்டு வாசிப்பவரையும் நான்கு உள்ளூர்ப் பாடகிகளையும் வைத்து விடிய விடிய நடத்தலாம், அதோடு ஒவ்வொரு துறைக்கும் பரிசும் கொடுக்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், ஒத்துக்கொண்டார்கள். இங்கே பாடகிக்கு மேடையேறிப் பணம் கொடுப்பதை சவெர் என்பார்கள். பஞ்சைச் சிக்கெடுக்கும் கார்டிங் துறை ஃபிட்டர் ஒருவர் கான்டீனில் மாற்றி வைத்திருந்த இரண்டாயிரம் ரூபியா நோட்டுகளை ஒவ்வொன்றாக எண்ணி நீட்ட, பாடகி மைக்கில் 'கார்டிங் பி ஷிப்டு!' என்று கத்த, கீழே அந்தத் துறையே எழுந்து ஆடியது. பணம் கொடுக்கிற சாக்கில் கையைப் பிடிக்கிறவர்களும் உண்டு. அதனால் மேடை ஓரத்தில் ஒரு பெட்டி வைத்து, பணத்தை அதில்தான் போட வேண்டும் என்று அடுத்த வருஷத்திலிருந்து மாற்றினோம். சிலருக்கு வருத்தம்தான், இருந்தாலும் இதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அந்தப் பெண்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள், நாம் மில்லுக்கு வருகிற மாதிரி.

இதை அழுத்திச் சொல்லக் காரணம், எங்கள் பேக்கிங் பிரிவிலேயே அப்படி ஒரு பாடகி இருக்கிறார். வார நாட்களில் கோன்களை அட்டைப் பெட்டியில் அடுக்குவார், சனி ஞாயிறு கல்யாணக் கச்சேரி. ஜாவா ஆண்டின் முதல் மாதமான சுரோவில் ஜாவாக்காரர்கள் கல்யாணம் வைக்க மாட்டார்கள், நோன்பு மாதத்திலும் கச்சேரி கிடையாது, ஆக அந்த இரண்டு மாதமும் மில் சம்பளம்தான் சோறு. இப்போது டிக்டாக் லைவிலும் பாடுகிறார், பரிசுப் பணம் அதில் வருகிறது, மேடையில் வருவதைவிடக் குறைவு என்கிறார். தொண்டையைக் காப்பாற்றப் பஞ்சுத் தூசி இல்லாத இடம் கேட்டார், அதனால்தான் கோன் வைண்டிங்கிலிருந்து பேக்கிங்குக்கு மாற்றினோம்.

கல்யாணங்கள் குவிவது ஜாவா ஆண்டின் கடைசி மாதமான பெசாரில். இந்த முறை அவர் தேதிகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டார், ஷிப்டு பட்டியல் போடுகிறவரிடம் அந்தச் சனிக்கிழமைகளில் அவருக்கு இராத்திரி ஷிப்டு போடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறேன்.