நல்ல வேலையை விட்டுப் புத்தகம் ஒட்டப் போன கதை

காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் கிளெய்ம் பிரிவில் இருந்தேன். தீ, வெள்ளம், திருட்டு என்று வரும் கோப்புகளைப் படித்து, எவ்வளவு கொடுக்கலாம் என்று எழுதி அனுப்ப வேண்டும். வேலையை விட்டவர்கள் சொல்லும் கதைகளில் பெரும்பாலும் கொடுமைக்கார மேனேஜர் ஒருவர் இருப்பார். என் கதையில் அப்படி யாரும் கிடையாது. சம்பளம் நாள் தவறாமல் வரும், மேனேஜர் தன்மையான மனிதர், அலுவலகம் முடிந்த பிறகு யாரும் போன் செய்து படுத்த மாட்டார்கள். சிக்கலே அதில்தான் இருந்தது. பிடிக்காத வேலை தானாகவே நம்மை வெளியே தள்ளிவிடும். 'பரவாயில்லை' என்று சொல்லக்கூடிய வேலையில் ஓய்வு பெறும் வரை உட்கார்ந்திருக்கலாம்.

எனக்கு இருந்த குறை ஒன்றுதான். ஒரு கோப்பை முடித்தால் அது திரையிலிருந்து போய்விடும், அடுத்தது வந்து நிற்கும். கையில் எதுவும் மிஞ்சாது. இதை வெளியே சொன்னால் 'சம்பளம் மிஞ்சுதில்ல?' என்று கேட்பார்கள் என்பதால் சொல்லாமலே பல வருடம் ஓடியது.

குறை வேலையிலா என்னிலா என்றும் சந்தேகம் இருந்தது. ஏமி ரெஸ்னெஸ்கி என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் 1997இல் வெளியிட்ட ஓர் ஆய்வைப் பற்றிப் படித்தேன். தங்கள் வேலையைச் சிலர் வெறும் சம்பளமாகவும், சிலர் பதவி உயர்வுக்கான படியாகவும், சிலர் மனதுக்கு நிறைவான பணியாகவும் பார்க்கிறார்கள் என்றது அது. நிர்வாக உதவியாளர்கள் என்ற ஒரே வேலையில் இருந்தவர்களே இந்த மூன்று வகையிலும் ஏறக்குறைய சமமாகப் பிரிந்திருந்தார்களாம். அப்படியானால் விட்டு ஓடுவதற்கு முன் இருக்கிற இடத்திலேயே ஏதாவது செய்து பார்க்கலாமே என்று, வேறு குழுவுக்கு மாற்றல் கேட்டு வாங்கினேன். புதிதாக வந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்தேன். கொஞ்ச நாள் நன்றாகத்தான் இருந்தது. அப்புறம் பழையபடிதான்.

அந்தச் சமயத்தில் மாலை வகுப்பில் புத்தக பைண்டிங் கற்றுக்கொள்ளப் போனேன். வேலையை விடும் எண்ணமெல்லாம் அப்போது இல்லை. முதல் வகுப்பில் ஒரு தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் வளைத்துப் பார்க்கச் சொன்னார்கள். ஒரு பக்கம் இலகுவாக வளையும், மறுபக்கம் முரண்டு பிடிக்கும். காகிதத்தில் நார் எந்தத் திசையில் ஓடுகிறது என்பதைக் கண்டுபிடிக்கும் வழி அது. அந்தத் திசை புத்தகத்தின் முதுகுக்கு இணையாக இருக்க வேண்டும். மாறிப்போனால் பக்கங்கள் சரியாகத் திரும்பாது, பசையின் ஈரம் பட்டதும் முதுகோரம் நெளிந்துகொள்ளும். இத்தனை வருடம் புத்தகம் படித்தவன், இதைக் கவனித்ததே இல்லை. தாள்களை ஃபாரம் என்ற சிறு கட்டுகளாக மடித்து, ஊசியால் துளை போட்டு, மெழுகு தடவிய நூலால் தைத்து ஒரு நோட்டைக் கையில் எடுத்தபோது 'இதுதான் எனக்கான வேலை' என்று தோன்றியது. நல்லவேளையாக என் ஆசிரியர் அதை நம்பவில்லை.

"புது நோட்டு தைக்கிறது யாருக்கும் பிடிக்கும் தம்பி. சனிக்கிழமை பட்டறைக்கு வாங்க. பழசு ஒண்ணைப் பிரிங்க, அப்புறம் பேசலாம்" என்றார்.

வேலையை விடலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது இந்தச் சனிக்கிழமைகளைப் பற்றித்தான். புத்தக முதுகில், பிராணிகளின் தோல், எலும்பிலிருந்து காய்ச்சிய பழைய பசை கருப்பாக, கண்ணாடி மாதிரி இறுகிப் போயிருக்கும். அதன்மேல் ஈரத்தைப் பிடித்து வைக்கும் மெத்தில் செல்லுலோஸ் கூழைத் தடவி, ஊறும் வரை காத்திருந்து, மழுங்கிய கத்தியால் இழை இழையாகச் சுரண்ட வேண்டும். நாற்றம் குடலைப் புரட்டும். அவசரப்பட்டால் தையலோடு தாளும் பிய்ந்துவிடும். அதைவிட மோசம் செலோ டேப். யாரோ நல்ல எண்ணத்தில் ஒட்டியிருப்பார்கள். காலப்போக்கில் மேலிருக்கும் பிளாஸ்டிக் உதிர்ந்துவிடும், பசை மட்டும் பழுப்பாகத் தாளுக்குள் இறங்கி உட்கார்ந்துகொள்ளும். கறை முழுக்கப் போவது அபூர்வம்.

கிழிந்த பக்கத்தை ஒட்டுவதும் பொறுமையைச் சோதிக்கும் வேலை. மெல்லிய ஜப்பானியக் காகிதத்தைக் கத்தரிக்கக் கூடாது. ஈரத் தூரிகையால் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டோடு இழுத்துப் பிரிக்க வேண்டும். அப்போதுதான் ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு நின்று பழைய தாளோடு கலக்கும். கோதுமை ஸ்டார்ச்சைக் காய்ச்சி, சல்லடையில் தேய்த்து எடுத்த பசையை அதில் தடவி, கிழிசல்மேல் வைத்து, ஒற்றுத்தாளுக்கு நடுவே பாரம் வைத்துக் காயவிட வேண்டும். மோசமான பக்கம் என்றால் ஒன்றுக்கே ஒரு மாலை போய்விடும். முதுகு வலித்தது, கண் எரிந்தது, ஒருநாள் சலித்துப்போய்ச் சீக்கிரமே கிளம்பியும் விட்டேன். ஆனாலும் அடுத்த சனிக்கிழமை போனேன். அதற்கடுத்ததும். இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஓடிய பிறகுதான் வீட்டில் பேச்செடுத்தேன். வேலையின் அழகான பக்கத்தைப் பார்த்து மயங்குவது சுலபம். அதன் சலிப்பான பக்கத்தைச் சம்பளம் வரும்போதே பார்த்துவிட்டதால், பின்னால் அது எனக்கு அதிர்ச்சியாக இல்லை.

'இதற்கெல்லாம் ஆள் வருவார்களா?' என்பது மனைவி கேட்ட முதல் கேள்வி. புத்தகம் சிதைவதற்குப் பஞ்சமே இல்லை என்றேன். பருத்தி, லினன் கந்தல்களிலிருந்து செய்த ஐந்நூறு வருடக் காகிதம் இன்றும் திடமாக இருக்கிறது. 19ஆம் நூற்றாண்டில் படிகாரமும் ரோசின் என்ற பைன் மரப் பிசினும் கலந்து, பிறகு மரக்கூழும் சேர்த்துச் செய்யத் தொடங்கிய காகிதம் தனக்குள்ளேயே அமிலத்தை வைத்துக்கொண்டு பழுத்து நொறுங்குகிறது. 'நொறுங்குறது சரி, காசு யார் கொடுப்பா?' என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆகவே வேலையில் இருந்துகொண்டே சின்னச் சின்ன வேலைகளை எடுத்துச் செய்தேன். அதற்கு முன் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்தேன். வெளி வேலைக்குத் தடை, போட்டித் தொழிலுக்குத் தடை, நோட்டீஸ் பீரியட், போனஸ் கணக்கு என்று எல்லாம் அந்தச் சின்ன எழுத்தில்தான் இருக்கிறது. வெளி வேலைக்கு எழுத்தில் அனுமதி கேட்டேன், கொடுத்தார்கள்.

பணக் கணக்கை ஊகத்தில் போடவில்லை, வங்கிக் கணக்கு விவரத்தை எடுத்து வைத்துக்கொண்டு போட்டோம். மாதச் செலவு பெரிய ஆச்சரியம் தரவில்லை. வருடத்துக்கு ஒருமுறை வருபவைதான், அதாவது பள்ளிக் கட்டணம், காப்பீட்டுத் தவணை, வண்டிப் பழுது எல்லாம்தான், சராசரியைத் தூக்கி அடித்தன. பிறகு, புத்தக வேலையில் என்ன வரும் என்று எதிர்பார்த்தோமோ அந்தத் தொகையில் மட்டும் குடும்பத்தை நடத்திப் பார்த்தோம். மிச்சச் சம்பளம் அப்படியே வேறு கணக்குக்குப் போனது. சேமிப்பும் ஆயிற்று, ஒத்திகையும் ஆயிற்று. ஒத்திகையில் சில மாதம் நாங்கள் தேறவே இல்லை, அதையும் குறித்துக்கொண்டோம்.

மருத்துவக் காப்பீட்டில் மட்டும் என் பழைய தொழில் கைகொடுத்தது. அலுவலகம் தரும் குழுக் காப்பீடு பொதுவாக வேலையோடு போய்விடும். தனிப் பாலிசிகளில் ஏற்கெனவே இருக்கும் நோய்களுக்குக் காத்திருப்புக் காலம் இருப்பது உண்டு. இரண்டுக்கும் இடையிலான இடைவெளியில் ஆஸ்பத்திரிக்குப் போனவர்களின் கோப்புகள் என் சக ஊழியர்களின் மேஜைக்கு வந்ததைப் பார்த்திருக்கிறேன். அதனால் சம்பளம் வரும்போதே தனிப் பாலிசி எடுத்தோம். கடன் வாங்குவது, வீடு மாறுவது மாதிரி சம்பளச் சீட்டு கேட்கும் காரியங்களையும் முன்கூட்டியே முடித்துக்கொண்டோம்.

மனைவி ஒரு நிபந்தனை வைத்தாள். சேமிப்பு எந்தத் தொகைக்குக் கீழே போனால் நான் திரும்ப வேலை தேட வேண்டும் என்று இப்போதே எழுதி வைக்க வேண்டும். "அப்ப உட்கார்ந்து பேசினா சண்டைதான் வரும்" என்றாள். எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டோம். அம்மாவின் கவலை வேறு. "யாராவது கேட்டா என்னடா சொல்றது? புஸ்தகம் ஒட்டுறான்னா?" ஆமாம்மா, அப்படியே சொல்லு என்றேன். கொஞ்ச காலம் அவள் 'லைப்ரரி சம்பந்தமா' என்று சொல்லிச் சமாளித்தாள்.

ராஜினாமா கடிதம் இரண்டே வரி: விலகுகிறேன், கடைசி நாள் இது. காரணம் எழுதவில்லை. மேனேஜர் உட்காரச் சொன்னார். சம்பளத்தைக் கூட்டித் தரவும் பதவி தரவும் முடியும் என்றார். ஆசை வரவில்லை என்றால் பொய். ஆனால் அவர் சொன்ன பதவியில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்று யோசித்தேன். அதே கோப்புகள், கூடவே அதைப் பற்றிய கூட்டங்கள். நன்றி சொல்லிவிட்டு வந்தேன். நோட்டீஸ் காலம் முழுவதும் ஒழுங்காக வேலை பார்த்து, ஒவ்வொரு கோப்பும் எந்த நிலையில் இருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இதற்குப் பட்டறையில் கற்ற ஒரு விதியும் காரணம். எங்கள் தொழிலில் செய்யும் எதையும், முடிந்தவரை, பின்னால் வருபவர் சேதமின்றிக் கழற்றும்படி செய்ய வேண்டும். ஸ்டார்ச் பசையை விரும்புவதே ஈரத்தில் இளகும் என்பதால்தான். 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ நதி இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குள் புகுந்து தேசிய நூலகத்தை நாசமாக்கியபோது, பல நாடுகளிலிருந்து போன பைண்டர்கள் சேற்றில் கிடந்த புத்தகங்களைப் பிரித்துப் பார்த்துக் கற்றவை ஏராளம். அங்கே வேலை பார்த்த பீட்டர் வாட்டர்ஸ், கிறிஸ்டோபர் கிளார்க்சன் போன்றவர்களின் அனுபவம்தான் இன்றைய புத்தகப் பாதுகாப்புத் துறைக்குப் பெரிய அஸ்திவாரம். வேலையை விடும்போதும் கழற்ற முடியாதபடி எதையும் ஒட்டிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

தனியாக ஆரம்பித்த பிறகு வந்தவை அரிய சுவடிகள் இல்லை. அகராதிகள், பாட்டியின் சமையல் குறிப்பு நோட்டு, பிரார்த்தனைப் புத்தகங்கள், குழந்தையாக இருந்தபோது கிழித்த படப் புத்தகத்தைப் பெரியவர்களாகி எடுத்து வருபவர்கள். மேஜையில் உட்காரும் நேரம் பாதிதான் என்பது எதிர்பாராதது. மீதி நேரம் விலை சொல்வது, விளக்குவது, பில் போடுவது, பணம் வரவில்லை என்று நினைவூட்டுவது. வாங்கியவுடன் ஒவ்வொரு புத்தகத்தையும் படம் எடுத்து, எந்தப் பக்கத்தில் என்ன கறை, எங்கே கிழிசல் என்று அறிக்கை எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். 'இந்தக் கறை முன்னாடி இல்லையே' என்று ஒருவர் சண்டைக்கு வந்தபோது அந்த அறிக்கைதான் காப்பாற்றியது. படிவங்களிலிருந்து தப்பி வந்தவன் இப்போது படிவம் அடித்து வைத்திருக்கிறேன். அதை நிரப்பப் பிடிக்கவும் செய்கிறது.

வருமானம் இன்னும் பழைய சம்பளத்தைத் தொடவில்லை. ஒருமுறை சேமிப்பு நாங்கள் எழுதி வைத்த கோட்டுக்குப் பக்கத்தில் வந்தது. பழைய மேனேஜருக்குப் போன் செய்தேன். கோப்புகள் குவிந்துகிடக்கின்றன, ஒப்பந்த அடிப்படையில் வந்து பார்க்க முடியுமா என்றார். போனேன், சில மாதம் பார்த்தேன், கோடு பின்னால் போனது. இன்றும் மழைக்காலத்தில் அங்கிருந்து போன் வரும். நூலகமோ அலுவலகமோ நனைந்துவிட்டது, கிளெய்ம் வந்திருக்கிறது, முதலில் என்ன செய்யச் சொல்வது என்று கேட்பார்கள். இரண்டு நாளைக்குள் பூஞ்சை பிடிக்க ஆரம்பித்துவிடும், வெயிலில் காயப் போட வேண்டாம், காற்றில் உலர்த்த முடியாத அளவுக்கு இருந்தால் அப்படியே ஃப்ரீசருக்குள் வைக்கச் சொல்லுங்கள், மற்றதை நான் வந்து பார்க்கிறேன் என்பேன்.