பதினோரு ‘இல்லை’

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது என்று தெரிந்த வாரத்திலேயே மூன்று கட்சிக்காரர்கள் எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, வந்து போனார்கள். மூவரும் என் கணவரிடம்தான் பேசினார்கள். “அண்ணி பெயரைக் கொடுத்தால் போதும் அண்ணே, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்றார் ஒருவர். அந்த அண்ணி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். மூன்றாமவர் படியிறங்கியதும், நிற்பதாக இருந்தால் சுயேச்சையாக நிற்கிறேன் என்று சொன்னேன். கணவர் சிரித்தார். மாமி சிரிக்கவில்லை. (மாமியாரை நாங்கள் மாமி என்றுதான் அழைப்போம். சிலோனிலிருந்து வந்த வழக்கம்.)

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு பேரூராட்சியில் தேயிலைக் கொழுந்து பறிக்கிறேன். பிளஸ் டூ வரை படித்திருக்கிறேன். சொல்லப்போவது 2022 பிப்ரவரியில் நடந்த நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தலைப் பற்றி. அடுத்த முறை நிற்க நினைக்கும் பெண்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அதனால் எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 28 முதல் பிப்ரவரி 4 வரை மனுத் தாக்கல். வைப்புத்தொகை ஆயிரம் ரூபாய், பட்டியலினத்தவருக்கு அதில் பாதி. சாதிச் சான்றிதழ் கையில் இருந்ததால் எனக்கு 500 ரூபாயோடு முடிந்தது. வரி நிலுவை இருந்தால் சிக்கல் என்று பயமுறுத்தினார்கள். வரி போட எங்களுக்கு வீடே இல்லை, லயம் தோட்டத்துக்குச் சொந்தம்.

பாடு பட்டது உறுதிமொழிப் பத்திரத்தில். கையிருப்பு, வங்கிக் கணக்கு, நகை, வாகனம், நிலம், வீடு, கடன், வழக்கு என்று எனக்கு ஒரு வரிசை, கணவருக்கு ஒரு வரிசை. நிரப்ப ஒன்றும் இல்லாத கட்டங்களில் அழகாகக் கோடு போட்டுக் கொண்டுபோனேன். ஆவண எழுத்தர் அதைக் கிழிக்காத குறைதான். “கோடும் போடாதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். ‘இல்லை’ என்று எழுதுங்கள்” என்றார். கட்டங்களைக் காலியாக விட்டால் மனுவைத் தள்ளலாம் என்று 2013இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறதாம். புதுத் தாள் வாங்கி உட்கார்ந்தேன். நிலம் இல்லை. வீடு இல்லை. வாகனம் இல்லை. பதினோரு ‘இல்லை’ எழுதினேன். நம்மிடம் என்னென்ன இல்லை என்பதை நம் கையாலேயே எழுதி, நோட்டரியிடம் முத்திரையும் வாங்குவது விசித்திரமான அனுபவம். ஒரே இடத்தில்தான் திகைத்தேன். அடகில் இருக்கும் தாலிக்கொடியைச் சொத்தில் காட்டுவதா, கடனில் காட்டுவதா? “நகை சொத்தில், வாங்கிய பணம் கடனில். இரண்டிலும் எழுதுங்கள்” என்றார்.

அடுத்தது முன்மொழிபவர். அதே வார்டின் வாக்காளராக இருக்க வேண்டும். எதிர் வரிசை அக்கா முதல் நாள் ஒப்புக்கொண்டார், மறுநாள் அவர் வீட்டுக்காரர் வேண்டாம் என்றுவிட்டார். இன்னொருத்தி மனதார வந்தாள், பட்டியலைப் புரட்டினால் அவள் பெயர் பக்கத்து வார்டில் இருந்தது. பெண்களே, தயவுசெய்து இதை முதலில் பாருங்கள், நான் கடைசியில் பார்த்தேன்.

மாமிதான் முன்வந்தார். மஸ்கெலியாவில் பிறந்து, 1972இல் பன்னிரண்டு வயதில் தலைமன்னாரில் கப்பலேறி வந்தவர். 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில், அங்கே குடியுரிமை இல்லாதிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று கணக்கு. மிச்சம் 1,50,000 பேரை 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும், இரண்டு பெண் பிரதமர்கள், பங்காளிகள் பாகம் பிரிப்பதுபோல் ஆளுக்கு 75,000 என்று பிரித்துக்கொண்டார்கள். “கையெழுத்துப் போட்டது சிறிமா அம்மா, மூட்டை கட்டியது நாங்கள்” என்பார் மாமி. கோபமாகச் சொல்வதில்லை, மழை பெய்தது என்பதுபோல்தான் சொல்வார்.

அந்த முதல் ஒப்பந்தத்தின்போது நீலகிரியின் மக்களவை உறுப்பினரும் ஒரு பெண்தான். 1962இல் வென்ற அக்கம்மா தேவி, படுகர் சமூகத்தின் முதல் பட்டதாரிப் பெண். அவருக்குப் பிறகு 2024 வரை இந்தத் தொகுதியில் வேறு பெண் வென்றதில்லை. உள்ளாட்சியில் 2016இல் பாதி இடம் பெண்களுக்கு என்று சட்டம் வந்ததால்தான் எங்கள் லயம்வரை கட்சிக்காரர்கள் வந்தார்கள். என் கணவரைப் பார்க்கத்தான் என்றாலும், வந்தார்கள்.

தாக்கல் அன்று மாமி பேனாவை வாங்கியதும் விரல்களைச் சேலையில் துடைத்தார். கொழுந்துக் கறை துடைத்தால் போவதா? கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் கருப்பாகப் படிந்து கிடந்தது. அதிகாரி மைப்பெட்டியைத் தள்ளினார். “எனக்கு எழுதத் தெரியும்” என்று மாமி அதை ஓரமாக நகர்த்திவைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாக, கோட்டுக்கு மேலே ஏறிப் போகும்படி தன் பெயரை எழுதினார். வரிசையில் பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார். விடட்டும்.

5ஆம் தேதி பரிசீலனை, ஐந்து நிமிடத்தில் ஏற்றார்கள். 7ஆம் தேதி மாலை 3 மணி வரை வாபஸ் வாங்கலாம். அந்த இரண்டு நாள்தான் தூது வந்துகொண்டே இருந்தது, கணவரின் செல்போனுக்கு. அவர் எடுக்கவில்லை. அதற்காக அவருக்கு ஒரு நன்றி.

19ஆம் தேதி வாக்குப்பதிவு, 22ஆம் தேதி எண்ணிக்கை. 61 வாக்குகள், மூன்றாம் இடம். வைப்புத்தொகை போயிற்று.

தோற்றவர்கள் மறந்துவிடும் ஒன்று உண்டு. முடிவு வந்த 30 நாளுக்குள் செலவுக் கணக்கு கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் மூன்று ஆண்டு போட்டியிட முடியாது. பேரூராட்சி வார்டுக்கு உச்சவரம்பு 17,000 ரூபாய். என் செலவு அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. துண்டறிக்கைக்கும் ஆட்டோவுக்கும் ரசீது இருந்தது. டீக்கு இல்லை. ஊருக்கெல்லாம் தேயிலை பறித்துக் கொடுக்கும் எங்கள் லயத்தில் 340 ரூபாய்க்கு டீ குடித்ததற்குச் சான்று கேட்டார்கள். கடைக்காரர் ரசீதுப் புத்தகம் வைத்திருக்கவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து நானே எழுதினேன், அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்துவிட்டு, “வடையைச் சேர்க்கவில்லையே அம்மா” என்றார். வடையையும் சேர்த்து, 412 என்று திருத்திக் கொடுத்தேன்.