எந்த மாசம் கிளம்புற?

போன ஞாயித்துக்கிழமை, 16 வயசுல தனியா பாய்மரப் படகுல உலகத்தை சுத்தின ஆஸ்திரேலியப் பொண்ணு ஜெசிகா வாட்சன் கதையை வச்சு எடுத்த படத்தை நெட்ஃபிளிக்ஸ்ல நானும் என் பொண்ணும் பார்த்தோம். என் பொண்ணுக்கு 15 வயசு. படம் முடிஞ்சு பேரெல்லாம் ஓடிட்டு இருக்கும்போதே "ம்மா, நானும் இந்த மாதிரி தனியா போட்ல போறேன்னு சொன்னா விடுவியா"ன்னு கேட்டா. நான் யோசிக்கவே இல்ல, "திருச்செந்தூருக்கே உன்னை தனியா பஸ் ஏத்தி விட்டதில்ல, இதுல உலகத்தை சுத்தப் போறாளாம், போய் தட்டைக் கழுவுட்டி"ன்னுட்டேன். தூத்துக்குடில இருந்து திருச்செந்தூர் என்ன, 40 கிலோமீட்டர். அவ மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு போய் படுத்துட்டா, எனக்குத்தான் தூக்கம் வரல, போனை எடுத்து ஒவ்வொண்ணா படிக்க ஆரம்பிச்சு மணி ரெண்டாயிருச்சு.

2009, 2010ல இது ஒரு சீசன் மாதிரியே இருந்திருக்கு. அமெரிக்காவுல ஜாக் சண்டர்லாண்ட்னு 17 வயசுப் பையன், 2009 ஜூலைல தனியா உலகத்தை சுத்திட்டு வந்து இறங்குறான், 18 வயசுக்குள்ள இதைப் பண்ணின முதல் ஆள். அந்த சந்தோஷம் ஆறு வாரம்தான், ஆகஸ்ட் கடைசில இங்கிலாந்துல இருந்து மைக் பெர்ஹாம்னு இன்னொரு 17 வயசு, இவனை விட சில மாசம் சின்னவன், வந்து அதைத் தட்டிட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் ஜாக்கோட தங்கச்சி ஆபி கிளம்புறா, அதே சமயத்துல ஆஸ்திரேலியாவுல ஜெசிகா, ரெண்டு பேருக்கும் 16 வயசு. நெதர்லாந்துல லாரா டெக்கர்னு ஒரு பொண்ணு 13 வயசுலயே நான் போறேன்னு அறிவிச்சு, கோர்ட்டு கேஸாகி அது தனிக் கதை, வர்றேன்.

முதல்ல ஆபி, ஜெசிகா. ரெண்டு பேரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு தேதியை மட்டும் பாருங்க. ஜெசிகா சிட்னியில இருந்து 2009 அக்டோபர் 18 கிளம்புறா, தென் அமெரிக்காவோட அடிமுனை கேப் ஹார்னை ஜனவரி 13 தாண்டுறா, அதாவது அந்தப் பக்கம் நல்ல கோடை. ஆபி கலிஃபோர்னியால இருந்து கிளம்புறதே 2010 ஜனவரி 23, அதுலயும் பேட்டரி பிரச்சனைன்னு மெக்சிகோவுல நிறுத்தி மறுபடி பிப்ரவரி 6 கிளம்பி, கேப் ஹார்ன் தாண்டும்போது மார்ச் 31. அப்புறம் ஆட்டோபைலட் ரிப்பேர்னு கேப் டவுன்ல ஒதுங்கினா, எங்கயும் நிக்காம சுத்துறதுங்கற ரெக்கார்ட் அதோட போச்சு. அப்பவாவது சரி, காத்து மாறட்டும்னு இருந்திருக்கலாம், ஆனா மே 21 கிளம்பிட்டா. தெற்கு இந்தியப் பெருங்கடல்ல ஜூன் மாசம்னா கடுங்குளிர்காலம், புயல் ஒண்ணு மேல ஒண்ணா வர்ற நேரம். ஜூன் 10, அலை அடிச்சு படகு உருண்டு பாய்மரம் முறிஞ்சு, சேட்டிலைட் போன் கட், ஆபத்துல இருக்கேன்னு சிக்னல் அனுப்புற எமர்ஜென்சி பீக்கனை அழுத்திட்டு உள்ள உக்காந்திருக்கா, ஆஸ்திரேலியாவுல இருந்து 3,000 கிலோமீட்டருக்கு மேல தள்ளி.

பெர்த்துல இருந்து ஒரு பயணிகள் விமானத்தையே, குவாண்டாஸ் ஏர்பஸ், வாடகைக்கு எடுத்து தேடுறதுக்கு அனுப்பினாங்க. அது போய் கண்டுபிடிச்சு ரேடியோல பேசுது, பொண்ணு நல்லா இருக்கான்னு. ரெண்டு நாள் கழிச்சு ஒரு ஃபிரெஞ்சு மீன்பிடிக் கப்பல் போய் ஏத்திக்குச்சு. அந்த மீட்புல கப்பலோட கேப்டன் கடல்ல விழுந்துட்டாரு, அவரைத் தனியா தூக்கிருக்காங்க. எனக்கு இதைப் படிக்கும்போதுதான் வயித்தைக் கலக்குச்சு. அவரு மீன் பிடிக்க வந்த மனுஷன், அவருக்கும் வீடு இருக்கும்ல. செலவைத் திருப்பிக் கேக்க மாட்டோம்னு ஆஸ்திரேலியா சொல்லிருச்சு, கடல்ல யாரு மாட்டினாலும் காப்பாத்தணும்ங்கறது உலக ஒப்பந்தம், அது சரிதான், ஆனா அந்தக் கேப்டன் விழுந்ததை எந்தக் கணக்குல எழுதறது.

ஊர் உலகமே பெத்தவங்களைத் திட்டுச்சு. ஆபி தன் பிளாக்ல பதில் எழுதினா, வயசா அலையை உண்டாக்குதுன்னு கேக்குற மாதிரி. நியாயமான கேள்விதான் அது. நம்ம அபிலாஷ் டோமி இருக்காரே, நேவி ஆபீசர், 2013லயே எங்கயும் நிக்காம தனியா உலகத்தை சுத்திட்டு வந்தவரு, அவருக்கு 2018 செப்டம்பர்ல அதே தெற்கு இந்தியப் பெருங்கடல்லதான் பாய்மரம் உடைஞ்சு முதுகெலும்புல அடிபட்டு எந்திரிக்கவே முடியாம படகுக்குள்ள கிடந்தாரு. அப்ப அவருக்கு வயசு 39. அரக்கோணம் நேவி தளத்துல இருக்குமே பி-8ஐ, கடலைக் கண்காணிக்கிற விமானம், அந்த வகை விமானம் ஒண்ணு மொரிஷியஸ்ல இருந்து பறந்து போய் அவரைத் தேடுச்சு, கடைசில தூக்கினது அவருக்கும் ஒரு ஃபிரெஞ்சுக் கப்பல்தான். அதனால 16 வயசு, அதான் கவுந்துட்டானு சொல்றவங்க கூட நான் சேர மாட்டேன்.

எனக்கு உறுத்துறது தேதி. "உலகத்துலயே இளைய"ன்னு ஒரு பட்டத்தை வச்சுட்டா அந்தப் பிள்ளையோட பொறந்த நாள் ஒரு கெடு தேதி ஆயிருது. காத்துக்காக ஆறு மாசம் பொறுப்போம்னா வயசு ஏறிரும், அதுக்குள்ள இன்னொரு நாட்டுல இன்னொரு பிள்ளை கிளம்பிரும். கடல் மேல போறவங்க காலங்காலமா காத்தைப் பார்த்துதான் கிளம்புவாங்க, இவங்க காலண்டரைப் பார்த்துக் கிளம்புறாங்க. ஜெசிகா கரைக்கு வந்தது 2010 மே 15, 17 வயசு ஆகறதுக்கு சரியா மூணு நாள் முன்னாடி. அவளுக்கு நல்லபடியா முடிஞ்சுது, 210 நாள்.

ஆனா அவளும் லேசுல தப்பல. கிளம்புறதுக்கு ஒரு மாசம் முன்னாடி, 2009 செப்டம்பர்ல, டெஸ்ட் மாதிரி சிட்னி பக்கம் போனவ முதல் ராத்திரியே ஒரு சரக்குக் கப்பல்ல மோதிட்டா. அவ படகு 34 அடி, அந்தக் கப்பல் 63,000 டன். சும்மா கொஞ்ச நேரம் கண்ணசரலாம்னு உள்ள போயிருக்கா. பாய்மரம் விழுந்தும் பதறாம இன்ஜினைப் போட்டு தானே கரைக்குக் கொண்டு வந்தா, அது வேற விஷயம், விசாரணைல ரெண்டு பக்கமுமே சரியா கவனிக்கலன்னுதான் சொன்னாங்க. தனியா போறவங்க எல்லாரும் இப்படி 20 நிமிஷம், அரை மணி நேரம்னு பிச்சுப் பிச்சுத்தான் தூங்கணுமாம். எங்க பெரியப்பா நாட்டுப்படகுல முப்பது வருஷம் போனவரு, அவருகிட்ட இந்தக் கதையைச் சொன்னேன், அலையைப் பத்தி, குளிரைப் பத்தி எதுவும் கேக்கல, "அப்ப ராத்திரி யாரு முழிச்சிருப்பா"ன்னு மட்டும் கேட்டாரு. யாரும் இல்ல பெரியப்பான்னேன். "கிறுக்குத்தனம்ளா"ன்னுட்டு வெத்தலைப் பெட்டியைத் திறந்துட்டாரு.

இப்ப லாரா. அவ பொறந்ததே நியூசிலாந்துல, அப்பா அம்மா படகுல உலகம் சுத்தினப்ப. 13 வயசுல தனியா ஒரு சின்னப் படகுல இங்கிலாந்து வரைக்கும் போயிட்டு வந்துட்டா, அப்புறம் 2009 ஆகஸ்ட்ல உலகத்தை சுத்தப் போறேன்னா. நெதர்லாந்து அரசாங்கம் கோர்ட்டுக்குப் போச்சு, ஸ்கூல் கட்டாயம், வயசு பத்தாதுன்னு. உட்ரெக்ட் கோர்ட் அவளை குழந்தைகள் பாதுகாப்பு அமைப்போட மேற்பார்வையில வச்சுது. அந்த டிசம்பர்ல வீட்டை விட்டுப் போயி கரீபியன்ல சின்ட் மார்ட்டன் தீவுல கண்டுபிடிச்சு கூட்டிட்டு வந்தாங்க, அவ்வளவு பிடிவாதம். கடைசில 2010 ஜூலைல கோர்ட் விட்டுருச்சு. ஆனா அந்த ஒரு வருஷத்துல என்ன நடந்துச்சுன்னா, பெரிய படகா, 38 அடி, மாத்தியாச்சு, முதலுதவி கத்துக்கிட்டா, தூக்கத்தை எப்படிச் சமாளிக்கறதுன்னு படிச்சா, பாடத்தை படகுலயே படிக்க ஏற்பாடு ஆச்சு. அவ நிறுத்தாம சுத்தல, தீவுல நிறுத்தி, துறைமுகத்துல நிறுத்தி, ஏடன் வளைகுடா பக்கம் கடற்கொள்ளைக்காரங்கன்னு அந்த வழியே போகாம டார்வின்ல இருந்து நேரா தென்னாப்பிரிக்கா டர்பனுக்குப் போனா. 2012 ஜனவரி 21, 16 வயசுல சின்ட் மார்ட்டன்ல முடிச்சா. அந்த கோர்ட் மேல அவளுக்கு இன்னும் கோபம் இருக்கலாம், எனக்கென்னவோ அந்தக் கோர்ட் குடுத்த பெரிய பரிசே அந்த ஒரு வருஷம்தான்னு தோணுது. கின்னஸ்காரங்களும் சரி, பாய்மர ரெக்கார்ட் பதிவு பண்ற கவுன்சிலும் சரி, அவளோடதை ரெக்கார்டா எடுத்துக்கல. நல்ல வேலை பண்ணாங்க.

கடல்ல மட்டும் இல்ல. 1996ல அமெரிக்காவுல ஜெசிகா டுப்ராஃப்னு 7 வயசுக் குழந்தை, ஆமா ஏழுதான், விமானம் ஓட்டி நாட்டைக் கடக்கறதுல இளையவள்னு பேர் வாங்கக் கிளம்பி, ஷையன்ங்கற ஊர்ல மழை இடின்னு தெரிஞ்சும் கிளம்பி, அவளும் அப்பாவும் சொல்லிக் குடுக்குறவரும் மூணு பேருமே போய்ட்டாங்க. டிவி, பத்திரிகைக்கெல்லாம் நேரம் குடுத்து வச்சிருந்தாங்க, அந்த அவசரமும் ஒரு காரணம்னு விசாரணை அறிக்கையிலயே இருக்கு. அந்த வருஷமே சின்னப் பிள்ளைங்க இப்படி ரெக்கார்டுக்காக ஓட்டறதுக்கு சட்டம் போட்டுத் தடை பண்ணிட்டாங்க.

இவ்வளவு வக்கணையா எழுதுற நான் யோக்கியமான்னா, இல்ல. என் பொண்ணு எட்டு வயசுல சிலம்பம் கத்துக்கிட்டிருந்தா. ஒரு ஞாயித்துக்கிழமை "உலக சாதனை"ன்னு நூத்துக்கணக்கான பிள்ளைங்களை கிரவுண்ட்ல நிறுத்தி விடாம ரெண்டு மணி நேரம் கம்பு சுத்த வச்சாங்க, மே மாசம், காலைல பத்து மணி வெயில். ஒன்றரை மணி நேரத்துல இவ என்னைப் பார்த்து உதட்டைக் காமிச்சா, தண்ணி வேணும்னு. நான் என்ன பண்ணேன் தெரியுமா, கையைக் காட்டி "இன்னும் கொஞ்சம்தான், இன்னும் கொஞ்சம்தான்"ன்னேன். அடுத்த அஞ்சு நிமிஷத்துல கம்பு கீழ விழுந்துச்சு, பின்னாடியே இவளும். முழங்கை சிராய்ச்சு, வாந்தி எடுத்து, குளுக்கோஸ் குடுத்து வீட்டுக்கு கூட்டிட்டு வந்தேன். ரெண்டு வாரம் கழிச்சு ஃபிரேம் போட்ட சர்டிஃபிகேட் வந்துச்சு, அதுக்கு தனியா காசு, அதையும் கட்டி வாங்கி ஹால்ல மாட்டினேன். இன்னும் டிவிக்கு மேல தொங்குது. அதுக்குக் கீழ உக்காந்துதான் அந்தப் படத்தையே பார்த்தோம்.

அதனால ஆபி அப்பாவைப் பத்தி பேச எனக்கு வாய் வரல.

சரி, விடுவியா மாட்டியான்னா? 16 வயசுல போகவே கூடாதுன்னு என்னால சொல்ல முடியல. லாரா மாதிரி படகுலயே வளர்ந்த பிள்ளை, நின்னு நின்னு, காலம் பார்த்துப் போறான்னா, ஒரு வெளி ஆள் எல்லாத்தையும் சரிபார்த்துட்டுப் போகட்டும்னு சொன்னா, அழுதுட்டே விடுவேனோ என்னவோ. வயசைச் சொல்லி பேர் வாங்கறதுக்குன்னா ஒரு நாள் கூட விடமாட்டேன்.

ஆபியோட படகு, வைல்ட் ஐஸ், அப்படியே கடல்ல விட்டுட்டு வந்தாங்கல்ல, அது 2018 டிசம்பர் கடைசி நாள் ஆஸ்திரேலியாவுல கங்காரு தீவு பக்கம் தலைகீழா மிதந்துட்டு இருந்துச்சாம். எட்டு வருஷம் தனியா சுத்திருக்கு. போட்டோவுல அடிப்பக்கம் பூரா கொட்டலசு, படகு அடில ஒட்டிக்கிட்டு வளருமே அந்த ஓட்டு உயிரு, அப்பிக் கிடக்கு. நேத்து ராத்திரி சாப்பிடும்போது அந்தப் போட்டோவைப் பொண்ணுகிட்ட காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தா, பெருசா இழுத்துப் பார்த்தா. அப்புறம் "இப்பவும் கேக்குறேன், விடுவியா மாட்டியா"ன்னா.

"எந்த மாசம் கிளம்புற?"

"ஏப்ரல் லீவுல."

"ஏப்ரல்ல போனா கேப் ஹார்ன்ல குளிர்ல மாட்டுவ. அக்டோபர்ல கிளம்பணும்."

"அக்டோபர்ல காலாண்டு லீவு பத்து நாள்தானம்மா."

ரெண்டு பேருக்கும் சிரிப்பு வந்துருச்சு. தட்டை எடுத்துட்டு எந்திரிச்சவ வாசல்படில நின்னு திரும்பி, "அப்ப திருச்செந்தூருக்காவது தனியா பஸ்ல போகட்டுமா"ன்னா.

அப்பாட்ட கேளுன்னுட்டேன்.