பேய் எப்படிச் செத்தது?

சின்ன பட்ஜெட் பேய்க் காமெடிக்குக் கதை பேசும்போது பேயின் மேக்கப்பைப் பற்றித்தான் முதலில் பேச்சு ஓடும். ஆனால் முதலில் முடிவாக வேண்டியது, அது எப்படிச் செத்தது என்பது. வடசென்னையில் வியாசர்பாடியிலோ கொருக்குப்பேட்டையிலோ நடக்கும் கதைக்கு ஜமீன் பங்களா தேவையில்லை. பாதாளச் சாக்கடைக்குள் இறக்கிவிடப்பட்டுச் செத்தவன் பேயாக வரட்டும். பாதுகாப்புக் கருவி இல்லாமல் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தப் பேய்க்கு ஏன் கோபம் என்று விளக்க நீளமான பிளாஷ்பேக் வேண்டாம்.

பயமும் அந்தக் குழிக்குள்ளேயே இருக்கிறது. சாக்கடையில் சேரும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு அழுகிய முட்டைபோல நாறும். காற்றில் அது 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) தாண்டினால் மூக்கு மரத்துப்போய், நாற்றமே தெரியாது. அளவு இன்னும் ஏறினால் ஆள் சில மூச்சுகளில் சாய்ந்துவிடுவார்; தூக்கப் போனவரும் சாய்வார். பேய் வருவதற்கு நாற்றம் மறைவதையே அடையாளமாக வைத்தால் கிராபிக்ஸ் செலவு இல்லை. "இன்னாடா, நாத்தமே காணோம்?" என்று காமெடியன் நிம்மதியாகச் சொன்னால் முதல் முறை தியேட்டர் சிரிக்கும். காரணம் தெரிந்தபின் அதே வசனம் வந்தால் சிரிப்பு வராது. அந்த இரண்டு இடத்துக்கும் நடுவில்தான் படத்தின் அரசியல் இருக்கிறது.

நடிகரை நிஜ மேன்ஹோலில் இறக்கவே கூடாது. கிணற்று உறைகளை ஆள் உயரத்துக்குத் தரையில் அடுக்கி, கேமரா நுழைய ஒரு பக்கம் அறுத்துவிட்டால் செட் தயார். தேயிலைச் சாயம் கலந்த தண்ணீரை தினமும் மாற்ற வேண்டும். விட்டால் வெயிலில் புளித்து, நடிகருக்குத் தோல் அரிக்கும்.

ஹவுசிங் போர்டு வீட்டுக்குள் எடுக்கும்போது மலிவு எல்இடி பல்பு கேமராவில் படபடக்கும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். நொடிக்கு 24 பிரேம் எடுக்கும்போது கேமரா ஷட்டரை 172.8 டிகிரியில், அதாவது ஒவ்வொரு பிரேமும் 1/50 நொடி ஒளி வாங்கும்படி வைத்தால் பெரும்பாலும் அடங்கும். அடங்காத பல்பைக் கழற்றிவிடுவதே நல்லது.

சிரிப்பு யார்மேல் விழுகிறது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. செத்தவனுடைய விதவையின் பேச்சுவழக்கையோ கறுப்பு நிறத்தையோ காட்டிச் சிரிக்க வைத்தால், செத்தவனை இன்னொரு முறை குழியில் தள்ளியது மாதிரிதான். குழிக்கு மூடி போடாமல் மந்திரவாதிக்குப் பணம் கட்டும் கான்ட்ராக்டரைப் பார்த்துச் சிரிக்கட்டும்.

கட்சி, பதவி பெயர் வரும் வசனங்களை சென்சாரில் மியூட் செய்யச் சொல்ல வாய்ப்புண்டு. அவற்றைப் பேசுபவரின் முதுகு தெரியும் ஷாட்டில் வைத்துவிட்டால், உதட்டைப் பற்றிக் கவலைப்படாமல் டப்பிங்கில் வேறு வார்த்தை போடலாம். 30 லட்சம் என்ற வசனத்தை மட்டும் விதவையின் முகத்தில், குளோசப்பில் வையுங்கள்.